அடுப்புக்கரியும் நீலச் சட்டையும்

ஜூலை 4

காப்பிக்கடைக்காரருக்கு,

நலம். இது சமாதானக் கடிதம் என்று குதிக்க வேண்டாம். எனக்குக் கரி வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பரப்புக் கவர்ச்சி என்ற வேதியியல் பாடம் நடத்த வேண்டும். ஆய்வகம் என்று இங்கே இருப்பது ஓர் அலமாரியும் அதன் பூட்டும்தான், சாவியைக் காணோம். காலி பாட்டில், பஞ்சு, நீல மை எல்லாம் பிள்ளைகள் கொண்டுவந்துவிட்டார்கள். கரிதான் கிடைக்கவில்லை, எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. காப்பிக்கொட்டை வறுத்து அணைந்த விறகுக்கரியைத் தினமும் வாரிக் கொட்டுவீர்களே, அதில் ஒரு பை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி

ஜூலை 9

டீச்சரம்மாவுக்கு,

மாற்றல் வந்ததென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் கரி! அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கடையில் ஆள் இருப்பதில்லை. வறுக்கும் உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தால், புகைக்கு அந்தப் பக்கம் நீ கல்லாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது போலத் தெரிகிறது. நிமிர்ந்து பார்த்தால் பூனை.

அடுத்த மாத விடுமுறைக்கு வருகிறாயா? என் நீலச் சட்டையையும் காணோம். உன் பெட்டியோடு வந்துவிட்டதா?

இப்படிக்கு,
காப்பிக்கடை

ஜூலை 17

காப்பிக்கடைக்காரருக்கு,

மானம் போயிற்று. பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, பஞ்சு வைத்து, கரிப்பொடி நிரப்பி, மைத்தண்ணீரை ஊற்றினால் பழுப்பாக இறங்குகிறது! "டீச்சர், காப்பி!" என்று வகுப்பே எழுந்து நின்றது. கரியைச் சலித்து அனுப்பக்கூடாதா? பாதிக்குப் பாதி கொட்டை.

கொட்டையைப் பொறுக்கி எறிந்து, கரியைக் கழுவிக் காயவைத்து மறுபடி செய்தோம். மத்தியான வெயில், தூங்கிவழியும் மின்விசிறி. மேலே நீலம், கீழே சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர். எல்லாரும் பாட்டிலைச் சுற்றிக் குனிந்தார்கள். கடைசியில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "நீலம் எங்க போச்சு டீச்சர்?"

"எங்கயும் போகலம்மா. கரியில கண்ணுக்குத் தெரியாத துளை ஏராளமா இருக்கு. அந்தச் சுவர்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஊறிக் கலந்துடல, சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது."

சட்டை என்னிடம்தான் இருக்கிறது. தவறி வந்துவிட்டது. விடுமுறையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
டீச்சர்

ஜூலை 23

டீச்சரம்மாவுக்கு,

கிளம்பும் அன்று, "உங்களுக்கு எதுவுமே உள்ள இறங்காது" என்றாய். "போறதுன்னா போ" என்றேன் நான். போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. உள்ளே இறங்காமல் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பதற்கும் உன் பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறதே, அது போதும் எனக்கு.

வருவதாக இல்லையென்றால் சட்டையை அனுப்பிவிடு. புரிந்துகொள்வேன். மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
நான்

ஜூலை 30

என் காப்பிக்கடைக்காரருக்கு,

சட்டையை அனுப்பிவிடுவது என்றுதான் வீம்பாகப் பெட்டியைத் திறந்தேன். அதை இதுவரை துவைக்கவில்லை. தூங்கப்போகுமுன் மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பேன். வறுத்த கொட்டையும் உங்கள் வியர்வையுமாக வரும். அப்புறம்தான் தூக்கம். நேற்று முகத்தில் வைத்து அழுத்தியும் ஒன்றுமே வரவில்லை.

வகுப்பில் மிஞ்சிய கரியை, மழை ஈரத்துக்கு ஆகட்டும் என்று போன வாரம் நானேதான் பெட்டிக்குள் போட்டிருந்தேன். வேதியியல் டீச்சராம்! கரி வாசனையை எல்லாம் இழுத்துக்கொண்டுவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.

சூடு பட்டால் ஒட்டியது விட்டு வரும் என்பதும் நான் நடத்திய பாடம்தான். கரியை வாணலியில் போட்டு இளந்தீயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வந்தது போலிருந்தது. கடை, உருளை, கல்லா, நீங்கள், பூனைகூட. கனவோ என்று நினைக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் தலை நீட்டினார்: "யாரு வீட்டுல காப்பிக்கொட்டை வறுக்கிறாங்க?"

அடுத்த நிமிடம் எல்லாம் காற்றோடு போய்விட்டது.

சட்டையை அனுப்ப மாட்டேன். விடுமுறை வரை எனக்குத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். கடையைப் பூட்டியதும், போட்டிருக்கும் சட்டையோடு அப்படியே பஸ் ஏறுங்கள்.

குளித்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.

உங்கள்
டீச்சரம்மா