குளியலறைக் குற்றாலம்

அத்தை,

உங்கள் தைல வாசனை இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. கொத்தனார் வருவதற்குள் கட்டிலை நகர்த்திவிடலாம் என்று இன்று காலை உங்கள் அறைக் கதவைத் திறந்தேன். நீலகிரித் தைலமும் மாத்திரை நெடியும் பிளைவுட் அலமாரியின் பசை வாடையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. நீங்கள் போய் மாதங்கள் ஆகியும் அது போகவில்லை. போவதற்கு வழி எங்கே இருக்கிறது? கட்டிலில் உட்கார்ந்து, உங்களை நினைத்து மூச்சை நன்றாக இழுத்தேன். இருமல்தான் வந்தது.

இப்போது அந்தச் சுவரில் சுத்தியல் விழுந்துகொண்டிருக்கிறது. பார்க்கத் தெம்பில்லாமல் நம் குளியலறைக்கு வந்து, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் பிளாஸ்டிக் நாற்காலி எதிரே இருக்கிறது. அதில் நான் உட்காருவதில்லை.

இந்த வீட்டை உங்கள் மகன் துபாயில் இருந்துகொண்டு வீடியோ காலிலேயே கட்டினார். ஜன்னலுக்கு மேல் வெண்டிலேட்டர் வைக்கவா என்று மேஸ்திரி கேட்டபோது, "ஏசி போடுத வீட்டுல ஓட்டை எதுக்கு? குளிரு பூரா வெளிய போயிரும்" என்றார். அறைகளுக்குத் திறக்க முடியாத கண்ணாடி. ஹாலில் மட்டும் தள்ளு ஜன்னல். குளியலறையிலாவது இருக்கட்டும் என்று மேஸ்திரியே பார்த்து வைத்ததுதான் என் தலைக்கு மேல் இருக்கிற இந்தக் கண்ணாடிப் பட்டை வெண்டிலேட்டர். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

பால் காய்ச்சியபோது உங்களுக்கு எத்தனை பெருமை! பனவடலிசத்திரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம், "தூசி தும்பு ஒண்ணு உள்ள வராது. கொசு வராது. சத்தம் வராது" என்று தரையைத் தடவித் தடவிக் காட்டினீர்கள். எனக்கும் பெருமைதான். காற்றும் வராது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வெயில் காலத்தில் உங்கள் ஏசி அறைக்குள்ளேயே நாம் இரண்டு பேரும் அடைந்து கிடந்தோம். கதவுக்கு அடியில் குளிர் கசியாமல் உங்கள் பழைய சேலையைச் சுருட்டி நீங்களே அடைப்பீர்கள். காலையில் எழுந்தால் தலை கனக்கும், நாக்கு வறண்டிருக்கும், உங்களுக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். சமையலறையில் மிளகாய் வற்றலைத் தாளித்தால் போதும், சோபாவும் திரைச்சீலையும் மறுநாள் வரை நம்மை இருமவைக்கும். ஆடி மாதம் மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் கிளிப்போடு பறக்கும். தூரத்தில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். கீழே இறங்கினால் நாள்காட்டித் தாள்கூட அசையாது. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற காற்று நம் வாசலோடு திரும்பிப் போனது.

ஹால் ஜன்னலைத் திறக்கலாம்தான். திறந்த அன்றே போன் வந்தது, நினைவிருக்கிறதா? ஹாலில் மாட்டியிருக்கும் கேமராவில் பார்த்துவிட்டு, "சோபா பூராம் கரிசல் பொடி விழப் போவுது, மூடுங்க" என்றார். மூடினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புருஷன் கூட இல்லாத வீட்டில் புருஷனுடைய கண் மட்டும் இருந்தது.

அன்றைக்குத்தான் நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"ஏட்டி, அந்த நாக்காலியத் தூக்கிட்டு வா. குத்தாலம் போவோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குளியலறைக்குக் கூட்டி வந்து, வெண்டிலேட்டருக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையை அண்ணாந்து மூச்சு விட்டீர்கள். மேலேயிருந்து காற்று இறங்கியது. குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, "பாத்தியா, அருவியும் இருக்கு" என்றீர்கள். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்புறம் தினமும் குற்றாலம்தான். தட்டில் முறுக்கு, பிளாஸ்கில் காப்பி. ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் இங்கேதான். "நீயும் அம்மாவும் ரெண்டு பேருமா எங்க போறீங்க? ஆளையே காணல?" என்று அவர் கேட்டபோது, போனை என்னிடமிருந்து வாங்கி, "பூசை ரூம்ல சாமி கும்பிடுதோம்ல" என்று கூசாமல் சொன்னீர்கள். இந்த வீட்டில் பூசை அறை எத்தனை சின்னது என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது.

டாக்டர் மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார், வீட்டில் காற்று ஓடட்டும் என்று. ஆட்டோவில் வரும்போது, உங்கள் மகனிடம் சொல்லி ஒரு ஜன்னல் வைக்கலாம் என்றேன். நீங்கள் என் வாயைப் பொத்தாத குறை.

"அவன்கிட்ட சொல்லிராத, மக்கா. பெத்தவளுக்கு மூச்சு விட முடியாத வீட்டையா கட்டுனோம்னு ஒடஞ்சு போவான். அவன் வேர்வை சிந்திக் கட்டுன வீடுலா இது."

சொல்லவில்லை. உங்கள் பாசத்துக்குள் நீங்களும் அடைபட்டுக் கிடந்தீர்கள், என்னையும் அடைத்தீர்கள். இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் வராது. கடைசியில் உங்கள் இருதயம்தான் நின்றுபோனது என்றார் டாக்டர். வீட்டின் மேல் யாரும் பழி போடவில்லை.

காரியத்துக்கு வந்த உங்கள் மகன் அழவே இல்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு குளியலறைக்குப் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. தட்டினேன். கதவைத் திறந்து, "இங்கன எதுக்கு நாக்காலி கிடக்கு?" என்று கேட்டார்.

குற்றாலத்தைச் சொன்னேன். நீங்கள் சொல்லக் கூடாது என்றதையும் சேர்த்துத்தான் சொன்னேன், அத்தை. அவர் உங்கள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"துபாய்ல கட்டடம் பூராம் மூடித்தான் கிடக்கும். ஆனா வெளிக்காத்த இழுத்து, வடிகட்டி உள்ள தள்ளுததுக்கு மாடியில தனி மிஷினு ஓடும். வெளிய போற குளுந்த காத்த வச்சே, உள்ள வார சூட்டுக் காத்த ஆத்திரும். கரண்டும் மிச்சம். அந்த பில்டரக் கழுவி மாட்டுததுதான் என் வேலை."

இத்தனை வருஷம் ஏசி கம்பெனியில் வேலை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"மூடுனத மட்டும் பாத்துட்டு வந்து இங்கன கட்டிட்டேன்" என்றார். லீவு முடிந்து போய்விட்டார். ஜன்னலைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேற்று நானே ஜன்னல் வைக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

இதை எழுத உட்காருவதற்கு முன்னாலேயே போன் அடித்தது. ஹாலில் பறந்த செங்கல் பொடியைப் பார்த்திருப்பார். சோபாவைச் சொல்லப் போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன்.

"எந்தச் சுவத்துல போடுத?"

"அத்தை ரூம்ல. கிழக்கால."

"ஒண்ணு மட்டும் போட்டா பத்தாது. எதுத்த சுவத்துலயும் ஒண்ணு போடச் சொல்லு. வந்த காத்து போவ வழி வேணும்லா. ஏசி போடும்போது மூடிக்கிடுத மாதிரி ரெண்டுக்கும் கதவு வச்சிரு." குரல் உடைந்தது. "அம்மா கட்டில மறுபடி அங்கனயே போட்டுரு."

கொத்தனாரிடம் அதை அப்படியே சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். இப்போது சுத்தியல் நின்றுவிட்டது. "அக்கா, ரெண்டு பக்கமும் தொறந்தாச்சு, வந்து பாருங்க" என்று கொத்தனார் கூப்பிடுகிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

போனேன், அத்தை. அறைக்குள் காற்று ஓடுகிறது. நாள்காட்டித் தாள் படபடவென்று அடிக்கிறது. உங்கள் தலைமாட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். மண் வாசனை வந்தது, சிமெண்டு வாசனை வந்தது. தைல வாசனை இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். அங்கும் இல்லை. உங்களையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டேனே என்று பதறிப் போய், கதவடியில் கிடந்த உங்கள் பழைய சேலையைச் சுருட்டி எடுத்து அந்த ஓட்டையில் அடைக்கப் போனேன். கை உயர்ந்தே நின்றது. அடைக்கவில்லை.

நீங்கள் போன அன்றுகூட எனக்கு இப்படி அழுகை வரவில்லை. சேலையை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது, அத்தை.