சீரம் மாறிய வாரம்

செவ்வாய், இரவு

இன்று வந்த சோதனை முடிவை இரண்டு முறை சரிபார்த்தேன். மருந்தே படாத செல்களில்கூட நான் ஆராயும் மரபணு துள்ளிக்கொண்டிருக்கிறது. மருந்துதான் அதைத் தூண்டுகிறது என்று காட்டத்தான் இத்தனை நாள் உழைத்தேன்.

ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் டில்லியைக் கேட்டேன். செல்களுக்கு உணவாக ஊற்றும் கன்றுக்குட்டி ரத்தச் சீரம் தீர்ந்துவிட்டதாம். போன வாரம் வேறு கம்பெனி பாட்டிலைத் திறந்து ஊற்றியிருக்கிறான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சீரம்னா சீரம்தானே மச்சான்? செல்லு நல்லா வளந்துகினுதானே கீது?"

வளர்கிறதுதான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலிலும் ஹார்மோன் ஒவ்வொரு மாதிரி இருக்கும், மரபணுவும் அதற்கேற்ப ஆடும். பல பாட்டில்களைச் சோதித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இனி மருந்தின் வேலை எது, சீரத்தின் வேலை எது என்று எப்படிப் பிரிப்பது?

பேராசிரியரோ, "மருந்து படாத செல்லுக்குப் பழைய ரிசல்ட்டையே போட்டுடுப்பா. மகாபலிபுரம் கருத்தரங்குல யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எனக்குத் தெரியுமே சார் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கருத்தரங்கிலிருந்து என் உரையை நீக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நான் அங்கே பேசப்போவதை அம்மா எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

சாப்பிடும்போது டில்லி போன் செய்தான். "கோச்சுக்காத மச்சான். நீ மறுபடி வளக்கப் போற புது செல்லுக்கு நாளைக்கு நானே சீரம் ஊத்திடறேன்."

"கிட்ட போகாதடா!" என்று கத்தினேன்.

"யாரு கிட்டடா போவக் கூடாது?" என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் டில்லியைத் திட்டிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.