பிடியரிசியும் என் வயிற்றெரிச்சலும்

கும்மிடிப்பூண்டி
20-8-1978

அன்பு மகன் ஜோசப்புக்கு அம்மா முத்தம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறோம். பிலாயில் விடாத மழை என்று எழுதியிருந்தாய், நீயும் மருமகளும் நனையாமல் கொள்ளாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் அதே கேங் வேலைதான், முழங்கால் வலி என்கிறார், லீவு போடச் சொன்னால் கேட்பதில்லை. நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் தருமத்துக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று மருமகள் சொல்கிறாள், வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறாய். இதற்கு நல்ல தாயாக இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்த ஒரு வருஷமாக இங்கே நடந்ததை உனக்கு மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் சித்தி ரோசம்மாள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டின்னில் போடுவது உனக்குத் தெரியும். மாதம் முடிந்ததும் அதைக் கொண்டுபோய்க் கெங்கம்மாளுக்குக் கொடுப்பாள். கெங்கம்மாளை நீ பார்த்ததில்லை. பழவேற்காட்டுக்காரி, புருஷன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்ப் படகு கவிழ்ந்து செத்துப்போனான், மூன்று பிள்ளைகளோடு இங்கே வந்து கருவாடு விற்கிறாள். போன வருஷம் அறுப்புப் பண்டிகையில் போதகர் எழுந்து, கொடுப்பது என்றால் ரோசம்மாளைப் போல மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று சபைக்கு முன்னால் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது ஜோசப். நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள், உன் அப்பா சம்பளம் சித்தப்பா சம்பளத்தைவிட அதிகம், என் பேரை யாரும் சொல்லவில்லை. காணிக்கைப் பொருளை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காய்க்குப் பதினொரு ரூபாய் கேட்டு எடுத்தேன். அவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான். திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், அதுவும் நல்ல சிரிப்பு, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த மாதம் பால்காரனுக்குக் கடன் சொன்னோம், அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பூசணிக்காயை நாலு பேர் பார்க்கத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கெங்கம்மாள் வீட்டில் இறக்கினேன். அவள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் வெகுளியாக, “இத்த வச்சிக்கினு ரெண்டு நாளு ஓட்டிடுவேன்க்கா. ரோசம்மாக்கா அரிசிதான் ஒண்ணாந்தேதியானா டாண்ணு வந்துடும், அத்த நம்பித்தான் புள்ளைங்கள இஸ்கூலுக்கு அனுப்பிக்கினு கீறேன்” என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

இந்த ஜூன் மாதம் சித்தப்பா வேலை பார்க்கும் கம்பி ஆலையை மின்வெட்டு என்று மூடிவிட்டார்கள், சம்பளம் இல்லை. பெற்ற மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கேள்விப்பட்டதும் என் மனசில் முதலில் வந்தது, இனி இவள் டின் எப்படி நிறையும் பார்க்கலாம் என்பதுதான். அப்புறம்தான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நினைவு வந்து இரண்டு படி அரிசி எடுத்துக்கொண்டு போனேன். “அக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசியைக் களையுமுன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டின்னில் போட்டாள். நான் கொண்டுபோன அரிசி! “இன்னாடி பண்றே, ஒனக்கே இல்லாதப்ப?” என்று கத்திவிட்டேன். அவள், “இதுவும் ஊட்டுச் செலவுதான்க்கா, உப்பு, கிருஷ்ணாயில் மாதிரி. ஒரு மாசம் நிறுத்திட்டா அப்பால கை வராது. அவ வாசலையே பாத்துக்கினு ஒக்காந்திருப்பா” என்றாள்.

என் அரிசியிலும் புண்ணியம் அவளுக்கா என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன். உன் அப்பா கேட்டுவிட்டு, “அந்தச் சோறு யாரு அரிசின்னு கெங்கம்மா புள்ளைங்க கேட்டுக்கினா துண்ணப்போதுங்க?” என்றார். அன்றைக்கு அவரோடும் சண்டை போட்டேன். ஆனால் மறுநாள் உலை வைக்கும்போது என் கை தானாக ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தது. ஜூலை முடிந்ததும் அதைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளிடம் கால் டின்கூட இல்லை. என்னுடையதை அதில் கொட்டினேன், அவளே எப்போதும்போல் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரோசம்மாக்கா பட்டினியிலும் தவறவில்லை என்று கெங்கம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. வயிறு எரியத்தான் எரிகிறது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஆகையால் மருமகள் சொல்வதைக் கேள். பெரிய தொகையாக ஆரம்பிக்காதே, கஷ்டமான மாதத்திலும் கொடுக்க முடிகிற அளவாக வைத்துக்கொள். சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் முன்னால் எடுத்து வைத்துவிடு, மிச்சத்தில் கொடுக்கலாம் என்றால் மிச்சமே இருக்காது. யாருக்குக் கொடுக்கிறாயோ அவர்கள் உன்னை நம்பி உலை வைப்பார்கள், அதை மறக்காதே. எங்களுக்கு அனுப்பும் பணத்தில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக, உங்கள் வீட்டில் சீக்கிரம் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கட்டும். அப்பா முழங்காலுக்கு நீ சொன்ன தைலத்தை மறக்காமல் அனுப்பு. இந்தக் கடிதத்தை மருமகளுக்கு மட்டும் படித்துக் காட்டு. சித்திக்குக் கடிதம் போடும்போது அரிசி விஷயத்தை எழுதிவிடாதே. தவறிப்போய் எழுதிவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பா. முத்தம்மா