படத்தில் அழுகிற குல்லாய்க்காரன்

அன்பு மாக்டெல்டுக்கு,

பங்கு விலையெல்லாம் சரியும் என்று நான் போன வருடமே சொன்னேன். ஆம்ஸ்டர்டாமில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி.

சொன்னபடியே சரிந்துவிட்டது; அதைப் பற்றிய கேலிப்படம் இப்போது கடை ஜன்னல்களில் தொங்குகிறது. அந்தப் படத்தில், ஒரு காபிக் கடை வாசலில், கோமாளிக் குல்லாயோடு பங்குப் பத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் அழுகிறான். அது நான்தான் என்று நம் காபிக் கடையில் பெருமையாகச் சொன்னேன். "யோவ், மூக்கு அப்படியே உன்னோடதுய்யா" என்று சிரித்து, காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

உன் வருங்கால மாமனார் மட்டும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "பங்குல அழிஞ்ச வீட்டுல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம்" என்றார். படத்தில் வந்தவனுக்கு மரியாதை அதிகமாகத்தானே வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. பங்குப் பத்திரத்தை நான் தொட்டதே இல்லை. மூக்கு என்னுடையது மாதிரி இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆள் நான் இல்லை.

உன் சித்தப்பா