உயிரோடிருப்பவரின் வரலாறு

கோலா பிலா,
வெள்ளிக்கிழமை

என்னங்க,

இதைப் பக்கத்து வீட்டுத் திலகா அக்காவிடம் வேலிக்கு மேலே நீட்டி, சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். என் ஃபோன் உங்கள் அப்பாவிடம் இருக்கிறது. அவர் உங்களிடம் சொல்லியிருப்பதுபோல் அது பழுதாகவில்லை.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து கோயில் தலைவரான அவர், தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதித் தரச் சொன்னார் அல்லவா? வரலாறு படித்தவள் என்று நானும் ஆசையாகத்தான் தொடங்கினேன். கல்லூரியில் படித்த ரோமப் பேரரசர்கள் அடிக்கடி நினைவுக்கு வந்தார்கள். நீரோ உயிரோடிருந்தபோது எழுதியவர்கள் பயத்தில் புகழ்ந்தார்கள். அவன் செத்த பிறகு எழுதியவர்கள் வெறுப்பில் தூற்றினார்கள். நான் இரண்டும் இல்லாமல் எழுத நினைத்தேன்.

அத்தை, மாமாவின் அடி தாங்காமல் ராசா ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனதை ஒரு வரியில் எழுதியிருந்தேன். மாமா அதைப் படித்துவிட்டுச் சத்தம் போடவில்லை. என் மோட்டார் சைக்கிள் சாவியையும் ஃபோனையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“புக்கு முடியட்டும்மா, தரேன். இப்ப உனக்கு வெளிய என்ன வேலை லா?”

அந்த வரியை நீக்கிவிட்டு, நோயாளித் தங்கையைப் பார்த்துக்கொள்ள அத்தை போனதாக மாற்றினேன். அப்போதும் தரவில்லை. நேற்று வெளிக்கேட்டைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மருமகள மக மாதிரி வச்சிருக்கேன்னு கடைசியில போடும்மா.”

போட்டேன்.

முதல் பிரதியை உங்களுக்குத்தான் அனுப்புவாராம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, நான் சுகமாக இருக்கிறேன் என்று அங்கேயே இருந்துவிடாதீர்கள். அச்சாவதற்கு முன்பே வாருங்கள்.

உங்கள்
மனைவி