சாட்சிக் கையெழுத்து

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

உளவள ஆலோசகர் லைசன்ஸுக்குக் காட்டவேண்டிய பயிற்சிக் கணக்கில் இன்றைக்கும் ஒரு மணித்தியாலம் சேர்ந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

என் சுப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆலோசனைக்கு வருகிறவர்களோடு தமிழில் கதைப்பதை ரெக்கோர்ட் செய்து, நான் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். புரோசார்ட் என்ற புறநகரிலிருந்து மகன் கூட்டிவருகிற ஒரு வயதான அம்மாவிடம் ஐந்து கிழமையாக ஒரே கதை. மகன் நல்லவன், பேரப்பிள்ளைகள் கெட்டிக்காரர், குளிர்தான் தாங்கேலாது.

இன்று ரெக்கோர்டரை நிற்பாட்டிய பிறகு, சப்பாத்துப் போடக் குனிந்தவ நிமிரவில்லை.

"கோவம் வந்தா மகன் கை நீட்டுவான், பிள்ளை. உதில சொல்லேலாது" என்று ரெக்கோர்டரைக் காட்டினா.

"நானும் சுப்பர்வைசரும் மட்டும்தானே அம்மா உதைக் கேக்கிறது?"

"உதில பதியிறதிண்ட கொப்பி ஒண்டு தனக்கும் வருமெண்டு அவன் சொன்னவன். கையெழுத்தும் வைச்சவன்."

அப்படி ஒரு கொப்பி யாருக்கும் போவதில்லை. ரெக்கோர்ட் செய்வதற்கான சம்மதப் படிவம் பிரெஞ்சில். முதல் நாள் அவசரத்தில் அதை மகனிடம் நீட்டி, "அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ, சாட்சிக் கையெழுத்தையும் நீங்களே வையுங்கோ" என்றது நான்தான்.

நாளைக்குச் சுப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லவேணும். அந்தச் சம்மதம் செல்லாதென்று ஐந்து மணித்தியாலமும் கழிபடலாம். கழிபடட்டும்.

ஆனால் இன்றைக்கு? வாசல்வரை கூடப் போனேன். மகன் கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றான். வாய்ப்பழக்கத்தில், "கவனமாப் போட்டு வாங்கோ அம்மா" என்று நானே ஏற்றி அனுப்பினேன்.