செயின் கேஸைத் தனியாகத் திறந்தவன்

என் உயிர்ச் சகலை சூசைக்கு,

கல்லறையில் இருப்பவனிடம் சௌக்கியமா என்று கேட்டால், "இன்னாடா கேள்வி இது?" என்று மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாலும் வருவாய். வந்தால் நல்லதுதான். ஆனாலும் கேட்கவில்லை. இங்கே நாங்கள் இருக்கிறோம். ரீட்டாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. ராயபுரத்தில் நம் சந்தில் மறுபடி பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

உன் முதலாண்டுப் பூசை வருகிறது. கோயில் பங்கு மலரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? மேலும், உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் புல்லட் ஓட்டியவர் இல்லை, பாவம், ஒன்றும் புரியவில்லை. "உன் தப்பு ஒண்ணுமில்லப்பா" என்று மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் சொல்ல வேண்டிய இடம் வேறு. உன் மனைவி, என் ரீட்டாவின் அக்கா, பிலோமினா. அக்காவிடம் வாய் திறக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

வயதில் மூத்தவன் என்று கல்யாண வீட்டில் உன்னை 'நீங்க' என்றேன். "இன்னா நீங்க நாங்கன்னுகினு? சகலன்னு கூப்டு. மரியாதயெல்லாம் மாமனாருக்கு வச்சிக்க" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய். அந்த வலி ஆறுவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரே புல்லட் வண்டி வாங்குவதென்று நீயே பேசி முடித்துவிட்டாய். உனக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காலை ஷிப்ட், எனக்குத் துறைமுகத்தில் மாலை ஷிப்ட். மூன்று மணிக்கு நீ வந்து சாவியைக் கொடுப்பாய். நான் ஏறி உட்காரும்போது சீட்டு இன்னும் சூடாக இருக்கும். இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது. கூடப் பிறந்தவர்களே ஒரு சைக்கிளைப் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நமக்குள் சண்டை ஒன்றே ஒன்றுக்குத்தான். பின்சக்கரத்துக்குப் போகிற செயின் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். புல்லட்டுக்கு உள்ளே இன்னொரு செயின் உண்டு. இடது பக்க மூடிக்குள், எண்ணெயில் முங்கியபடி, என்ஜினிலிருந்து கிளட்சுக்கு ஓடுவது. பிரைமரி செயின். தேயத் தேயத் தொய்யும். தொய்ந்தால் கடகடவென்று மூடியை அடிக்கும். கீழே ஒரு கட்டை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. போல்ட்டைத் திருகினால் கட்டை மேலே ஏறும், செயின் இறுகும். இவ்வளவுதான் சமாசாரம். இதற்கு நாம் போட்ட சண்டை இருக்கிறதே, அப்பப்பா!

"தொங்கினா சத்தந்தான் வரும். இறுக்கினா பேரிங்கு பூடும்" என்பது உன் கட்சி. எனக்குச் சத்தமே ஆகாது. உனக்கு லீவு என்றால் நீ அசந்த நேரம் பார்த்து நான் இறுக்குவேன். நான் தூங்கும்போது நீ தளர்த்துவாய். கடைசியில் ஒரு நாள் ஸ்பேனரும் கையுமாக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சந்தில் நின்றோம். அன்று அக்கா வெளியே வந்து ஒரு சட்டம் போட்டாள். "இனிமே ரெண்டு பேரும் சேந்துதான் அந்த மூடியத் தொறக்கணும். எவனாச்சும் தனியா தொறந்தீங்க, அன்னிக்கே வண்டி காயலான் கடைக்குப் போயிடும்."

அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அந்த வேலை. கால் வைக்கிற கம்பியையும் பிரேக் பெடலையும் கழற்றி, அக்கா மீன் கழுவுகிற அலுமினியத் தட்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்து அடியில் வைத்து, மூடியின் நடு நட்டைத் திருகினால் கறுப்பாக எண்ணெய் கொட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டு நீ பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவாய். நான் செயினை விரலால் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

பழைய செயின் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஓரிடத்தில் தொளதொளவென்று கிடக்கும். கொஞ்சம் சுற்றினால் அதே செயின் விறைத்துக்கொண்டு நிற்கும். எங்கே ரொம்ப விறைக்கிறதோ அங்கே நிறுத்தி, ஒரு பென்சில் கனத்துக்கு ஆட்டம் விட வேண்டும். "நில்லு நில்லு, இங்கதான்" என்பேன். "அவசரப்படாத சகல, இன்னும் கொஞ்சம் சுத்தறேன், பாரு" என்பாய். பாதி நாள் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும். இதை உயிரோடு இருக்கும்போது உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

போன வருடம் நீயும் அக்காவும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தீர்கள். செயின் தொய்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. துறைமுக கேட்டில் ஒருத்தன், "இன்னா அருளு, வண்டில தகர டப்பா கட்டிகினு வர்றியா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. மறுநாள் காலை மூடியைத் தனியாகத் திறந்தேன்.

சக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை. ரீட்டாவைக் கூப்பிட்டால் அக்காவிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள். செயின் எந்த இடத்தில் நின்றிருந்ததோ அங்கேயே விரலை வைத்தேன். தொளதொளவென்று இருந்தது. பென்சில் கனம் வருகிற வரைக்கும் இறுக்கினேன். அது தொய்வான இடம், சகல. விறைப்பான இடம் சுற்றி வரும்போது என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடம் விரல் வைத்தவனுக்குத் தெரியாதா? சுற்றிப் பார்க்கவே இல்லை. மூடியை மாட்டி, எண்ணெய் ஊற்றி, தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி வைத்துவிட்டேன். கடகட சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே மெல்லிசாக ஒரு ஊளை கேட்டது, காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் கேட்டில் பந்தாவாக வண்டியை நிறுத்தினேன்.

நீ திரும்பி வந்து ட்யூட்டிக்குப் போன முதல் நாள், மூன்று மணிக்குச் சாவியை நீட்டினாய். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "வண்டி எப்டிகீது?" என்றேன், திருட்டுப் பயல். "நல்லாத்தான் கீது" என்றாய். அந்த ஞாயிறு உனக்கு ட்யூட்டி விழுந்தது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றோம்.

ஒன்பதாம் நாள் வெயிலில், எண்ணூர் தாண்டி வரும்போது கியர்பாக்ஸ் பேரிங் உடைந்து வண்டி நின்றது. அவ்வளவு கனத்தைத் திருவொற்றியூர் மெக்கானிக் கடை வரைக்கும் தனியாகவே தள்ளிக்கொண்டு வந்தாய். யாரிடமாவது கயிறு கட்டி இழுத்து வரச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயு புடிச்சிகிச்சி. நீ இன்னிக்கி பஸ்ஸுல போ சகல" என்றாய். நான் வண்டி நின்றுபோன கடுப்பில் உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போனேன். மறுநாள் விடிந்ததும் ட்யூட்டிக்குக் கிளம்பிய நீ பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

ரத்தக் குழாயில் ரொம்ப நாளாக அடைப்பு இருந்திருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லி ஆறுதல் அடைந்தார்கள். என்னால் முடியவில்லை.

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் வண்டியை எடுக்கப் போனேன். மெக்கானிக் உடைந்த பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரோ செயின லூசான எடத்துல வச்சி டைட் பண்ணிக்கீறாங்கண்ணே. பேரிங்கு இன்னா பண்ணும்?" என்றார். "பழைய வண்டிப்பா" என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். சந்தில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். பழைய வண்டி.

அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி ஏறவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு கதவுதான், எண்ணிப் பார். அரிசி, மீன், மருந்து, எல்லாம் ரீட்டா கையில் கொடுத்து அனுப்பினேன். புல்லட் சத்தம் கேட்டால் அக்கா வாசலுக்கு வந்து நிற்கிறாள் என்று ரீட்டா சொன்ன நாளிலிருந்து, சந்து முனையிலேயே என்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தேன். "ஏன்யா, அக்கா உன்ன இன்னா பண்ணுச்சி?" என்று ரீட்டா கேட்காத நாள் இல்லை. என்ன சொல்ல?

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பேரிங்கோடு அன்று போட்ட புதுச் செயினும் தொய்ந்துவிட்டது, திறந்தே ஆக வேண்டும். மெக்கானிக்கிடம் விட மனசு வரவில்லை. பூசை முடிந்து வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நிழல் விழுந்தது. அக்கா. கையில் அந்த அலுமினியத் தட்டு. மூடிக்கு அடியில் அதை வைத்தாள். இத்தனை வருடம் திருட்டுத்தனமாக எடுத்தோமே, எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள்!

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நா சுத்தறேன். நீ வெரல வையி" என்றாள். சுற்றினாள். உன்னைப் போலவே மெதுவாக. நான் செயினைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தொய்வான இடம் போயிற்று. விறைப்பான இடம் வந்தது. விரல் நகரவில்லை.

"அக்கா, அன்னிக்கி செயின இறுக்கனது நான்தான். நீங்க வேளாங்கண்ணி போயிருந்தப்போ. தனியா தொறந்து தப்பான எடத்துல இறுக்கிட்டேன். அதனாலதான் பேரிங்கு ஒடஞ்சிது. அதனாலதான் சகல வெயில்ல தள்ளிகினு வந்தாரு."

செயினைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். தலையைத் தூக்கத் தைரியம் இல்லை.

"தெரியும்" என்றாள் அக்கா.

நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய்! ஊரிலிருந்து வந்து வண்டியை எடுத்த முதல் நாளே சொல்லியிருக்கிறாய். "அருளு தனியா கைய வச்சிட்டான் பிலோ. செயினு ஊளயிடுது." அக்கா என்னைக் கேட்கக் கிளம்பினாளாம். நீதான் தடுத்தாயாம். "வுடு, அசிங்கப்படுவான். ஞாயித்துக்கெயம எப்டியும் ரெண்டு பேரும் தொறப்போம். அதுக்குள்ள அவனே வந்து என்னாண்ட சொல்லுவான், பாரேன்."

ஒன்பது நாள், சகல. ஊளையிடுகிற வண்டியை ஒன்பது நாள் ஓட்டினாய், நான் அசிங்கப்படக் கூடாது என்று. ஒரு திருகு தளர்த்தியிருந்தால் தீர்ந்தது. அக்கா போட்ட சட்டத்தை மீறக்கூடாது என்று இருந்தாயா? இல்லை, நான் வந்து சொல்வேன் என்று நிஜமாகவே நம்பினாயா? "டேய் பேமானி" என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா அழவில்லை. கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"உன்னாலதான் அவரு போனாருன்னு நா ஒரு நாளும் நெனச்சதில்ல. டாக்டரு சொன்னத நானும் கேட்டுகினுதான இருந்தேன்? நீ வருவ, வந்து சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். அவரப் பத்தி என்கூட ஒக்காந்து பேச ஒலகத்துலயே ஒரே ஒரு ஆளு இருந்தான். அவனும் ஓடி ஒளிஞ்சிகினான். என்ன ஒத்தையா அழ வுட்டுட்டியே தம்பி. பதினோரு மாசம். அதுக்கு உன்ன மன்னிக்க மாட்டேன்."

இத்தனை மாதமும் என் ஒருவன் பாவத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்; நாலு கதவு தள்ளி அக்கா எப்படி இருக்கிறாள் என்று நினைக்கவே இல்லை. செயினை இறுக்கியதைவிட அது பெரிய தப்பு. அதை நீ சுமக்க முடியாது, எனக்காக மூடி மறைக்கவும் முடியாது. அது முழுக்க என்னுடையது.

மறுநாள் மதியம் உன் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். பிறகு உன் குறட்டையைப் பற்றி ஏதோ சொன்னாள். நானும் ஒன்று சொன்னேன். சிரித்தாள். சிரிக்கும்போதே உடைந்துபோய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து ஓடவில்லை.

தினமும் போகிறேன். மன்னிக்கவில்லை என்று இன்றும் சொன்னாள். சொல்லட்டும், சகல. சாகிற வரைக்கும் மன்னிக்காவிட்டாலும் அந்த வீட்டுக்குப் போவேன், அக்கா அழுகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் சகலை,
ரீட்டாவின் வீட்டுக்காரன், பிலோமினா அக்காவின் தம்பி,
அருள்